கட்டிலும் பாயும்: தூக்கத்துக்குச் சிகிச்சையாளர் தேடிய ஒரு கணக்கு டீச்சர் (நிகழ்வு ஆய்வு)

உட்காரும் முன்பே நீல நிற பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றை என் மேசை மேல் வைத்தார். தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகைப் பரிசோதனைகள், ஒரு மூளை ஸ்கேன், ஓர் இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து எடுத்த தூக்கப் பரிசோதனை, மூன்று பேர் கையெழுத்தில் மருந்துச் சீட்டுகள், கோயில் பிரசாதக் கவருக்குள் ஒரு சூரணப் பொட்டலம். எல்லாம் தேதிவாரியாக அடுக்கியிருந்தது.

"பதினாலு மாசம் மேடம். எல்லாமே நார்மல். நான் மட்டும்தான் தூங்கல."

வயது 48. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் கூட்டுறவுச் சங்க ஊழியர். மகன் பிளஸ் டூ. அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதை முதலில் படித்தவரும் அவர்தான். இரண்டு இடங்களில் திருத்தினார், அதில் ஒன்று என் வகுத்தல் பிழை.

நான் மருத்துவ உளவியலாளர். "டாக்டர்" என்று கூப்பிட்டால் மறுத்துவிடுவேன், மாத்திரை எழுதும் உரிமை எனக்கு இல்லை. இந்த ஆய்வில் சிகிச்சையைவிட அதைத் தேடிய கதைக்கு அதிக இடம் தரப்போகிறேன். சிகிச்சை முடிய பத்து வாரம்தான் ஆனது. தேடல் பதினாலு மாதம்.

ஏறி இறங்கிய படிகள்

முதலில் தெருமுனை டாக்டர். "டென்ஷன்தான் டீச்சர்" என்று பதற்றம் தணிக்கும் மாத்திரையான அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம் பத்து நாளைக்கு எழுதிக்கொடுத்தார். பத்து நாளும் தூங்கினார். பதினோராம் நாள் தூக்கம் வராமல் போனதும் மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டையே காட்டி வாங்கிக்கொண்டார். சில மாதத்தில் அது 0.5 ஆனது. அல்பிரசோலம், சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச்1 அட்டவணை மருந்து. 2014 மார்ச் முதல் அதை விற்கும் கடைக்காரர் எழுதிக்கொடுத்த மருத்துவர் பெயரையும் வாங்குபவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் அப்படி. தெரிந்த டீச்சர் கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

நாத்தனார் ஒருவர், "அது போதை மாத்திரை, உடனே விட்டுடு" என்றார். விட்டார். இரண்டு நாள் கண் மூடவில்லை, கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. "மாத்திரை இல்லாம எனக்கு இனிமே தூக்கமே கிடையாது" என்ற முடிவுக்கு வந்து மறுபடி மாத்திரைக்குத் திரும்பியது அந்த இரண்டு இரவுகளால்தான். உண்மையில் அது மருந்தைச் சட்டென்று நிறுத்தியதால் உடம்பு காட்டிய எதிர்வினை. மாதக்கணக்கில் எடுத்தவர்கள் இப்படி ஒரே நாளில் நிறுத்தினால் சிலருக்கு வலிப்புகூட வரலாம். நாத்தனார் சொன்னதில் பாதி சரி, ஆனால் மோசமான பாதி நடந்தது.

அமுக்கரா சூரணத்தைப் பாலில் கலந்து ஒரு மண்டலம் குடித்தார். கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். இவற்றைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை.

சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் கொழுந்தனார் மகள் இணையத்தில் "ஸ்லீப் ஸ்பெஷலிஸ்ட்" என்று தேடினாள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் ஊரில் அந்தப் பெயரில் இருக்கும் பெரும்பாலான இடங்கள் குறட்டைக்கும் தூக்கத்தில் வரும் மூச்சுத் தடைக்குமானவை. காது மூக்கு தொண்டை அல்லது நுரையீரல் மருத்துவர்கள் நடத்துபவை. மூச்சுத் தடை இருப்பவர்களுக்கு அவை உயிர் காக்கும் இடங்கள். தூக்கம் வராமல் தவிப்பவருக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஒரு பரிசோதனையும் ஒரு "நார்மல்" தாளும். தலை முழுக்க வயர் ஒட்டிப் படுக்கவைத்தார்கள். மூச்சுத் தடை மணிக்கு 3 முறை என்று வந்தது. 5க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. "உங்களுக்கு ஒண்ணுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்தது ஆன்லைனில் ஒரு கவுன்சலர். 45 நிமிடத்துக்கு 1,500 ரூபாய். பெயருக்குப் பின்னால் ஆறேழு சான்றிதழ்கள். கண்ணை மூடச் சொல்லி அலை ஓசை போட்டார், மாமியார் இறந்த குற்ற உணர்ச்சிதான் காரணம் என்றார், நான்கு தடவை அழவைத்தார். "அழுதப்ப நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துருச்சு" என்றார் டீச்சர்.

ஒரு நாள் அந்த இரண்டு மணிக்கே 14416க்குப் போன் செய்தார். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கினார்கள், கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். எதிர்முனையில் இருந்த பெண் இருபது நிமிடம் கேட்டுவிட்டு, அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னாராம். போனார். வரிசையில் நின்று பார்த்த மனநல மருத்துவர் ஐந்து நிமிடம்தான் பேசினார். "மாத்திரையைக் குறைக்கிறது என் வேலை. ஆனா அதுக்கு முன்னாடி தூக்கத்தைத் திருப்பிப் பழக்கணும். அதுக்கு ஒரு சைக்காலஜிஸ்ட் வேணும்." பதினாலு மாதத்தில் உருப்படியாகக் கிடைத்த முதல் யோசனை இதுவென்று நினைக்கிறேன்.

போனில் கேட்ட கேள்வி

கொழுந்தனார் மகள் மதுரையிலும் திருச்சியிலுமாக ஏழு எண்கள் தேடி எடுத்தாள். இந்த முறை அவளிடம் ஒரு வடிகட்டி இருந்தது: இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு. 1992ஆம் வருடச் சட்டப்படி அமைந்த கவுன்சில் அது. மருத்துவ உளவியலாளராக வேலை பார்ப்பவருக்கு அதன் பதிவு எண் இருக்க வேண்டும், கேட்டால் சொல்ல வேண்டும். "கவுன்சலர்", "தெரபிஸ்ட்", "லைஃப் கோச்" என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்கிற ஊரில் இந்த ஒரு கேள்வியே பாதிப் பேரை வெளியே தள்ளிவிடும்.

ஆனால் பதிவு இருப்பதால் தூக்கம் தெரிந்தவர் என்று ஆகிவிடாது. இதை என் கூட்டத்தாரைப் பற்றியே சொல்கிறேன். என் பயிற்சிக் காலத்தில் தூக்கமின்மைச் சிகிச்சைக்கு ஒதுக்கியது ஒரே ஒரு பிற்பகல். மீதியெல்லாம் பின்னால் நானாகப் படித்தது, தப்பு செய்து கற்றது. இத்தனைக்கும் 2016இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரியும் 2017இல் ஐரோப்பியத் தூக்க ஆய்வுச் சங்கமும் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை அல்ல, சிபிடி-ஐ என்று எழுதிவைத்துவிட்டன. தூக்கமின்மைக்கென்றே வடிவமைத்த அறிதல்-நடத்தைச் சிகிச்சை அது. நான்கு முதல் எட்டு அமர்வுகளில் முடிந்துவிடும். பேச்சு குறைவு, வீட்டுப்பாடம் அதிகம்.

அந்தப் பெண் போனில் என்னிடம் கேட்டது: "மேடம், எங்க பெரியம்மாவுக்குத் தூக்கம் வரல. முதல் வாரம் நீங்க என்ன செய்வீங்க?"

ஏழு எண்ணுக்கும் இதே கேள்வியோடு போன் செய்திருக்கிறாள். இருவர் "நேர்ல வாங்க பேசிக்கலாம்" என்றார்களாம். ஒருவர் மனசை லேசாக்குவோம் என்றார், ஒருவர் ஹிப்னாசிஸ். இருவர் எடுக்கவே இல்லை. நான், "முதல் வாரம் ஒண்ணும் செய்ய மாட்டேன், எழுதச் சொல்வேன்" என்றேன். எப்போது படுத்தார், சுமாராக எப்போது தூங்கினார், எத்தனை தடவை விழித்தார், எப்போது எழுந்தார் என்று தினமும் காலையில் எழுதும் தூக்க நாட்குறிப்பு. அது இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. யாராவது என்னிடம் சிகிச்சையாளரைச் சோதிக்க ஒரு கேள்வி கேட்டால் அவளுடைய கேள்வியைத்தான் சொல்கிறேன். பதிலில் நாட்குறிப்பு வரவில்லையென்றால் வேறு எண்ணைப் பார்க்கலாம்.

முதல் அமர்வும் என் தவறும்

மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார். ஃபைலைப் புரட்டினேன். தூக்கப் பரிசோதனைத் தாளின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: படுக்கையில் 7 மணி 10 நிமிடம், அதில் தூங்கியது 4 மணி 52 நிமிடம். அந்த இரவைப் பற்றி அவரிடம் கேட்டேன். "பொட்டுத் தூக்கமில்லை மேடம். வயர மாட்டிவிட்டா எப்படித் தூங்குறது" என்றார்.

இந்த முரண் தூக்கமின்மையில் அடிக்கடி வருவது. பாதித் தூக்கத்திலும் மூளை காவல் காத்துக்கொண்டிருப்பதால் தூங்கியதே விழித்திருந்ததாகப் பதிகிறது. அன்று மாத்திரையும் போட்டிருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கு அந்த வரி கிடைத்ததில் உற்சாகம். தாளைத் திருப்பிக் காட்டி, "பாருங்க, கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் தூங்கியிருக்கீங்க" என்றேன்.

முகம் இறுகிவிட்டது. "அப்ப நான் பொய் சொல்றேனா?"

பதினாலு மாதமாக எல்லோரும் சொன்ன "ஒண்ணுமில்லை"யை நானும் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். நாட்குறிப்பு அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. கணக்கு டீச்சர் அல்லவா, கட்டம் போட்டு, சிவப்பு மையில் சராசரி எடுத்துக் கொண்டுவந்திருந்தார். அந்த வரிக்கு நான் மறுபடி போனது ஐந்தாவது அமர்வில், அதுவும் அவர் கேட்ட பிறகு.

என்ன இருந்தது

தூக்கமின்மைத் தீவிர அளவுகோலில் 28க்கு 21. ஏழு கேள்விகள், சார்ல்ஸ் மொரின் 1993இல் உருவாக்கியது. 15 வந்தாலே சிகிச்சை வேண்டிய நிலை, 22இல் கடுமை தொடங்குகிறது. வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேல் என்ற வரையறையை எப்போதோ தாண்டியிருந்தார். கால் குறுகுறுப்பு, வலிப்பு, தலைகால் புரியாத உற்சாகம் வந்துபோன காலம் எதுவும் இல்லை. கடைசி இரண்டையும் நான் கண்டிப்பாகக் கேட்பேன். பின்னால் தரப்போகும் சிகிச்சை அவை உள்ளவர்களுக்கு ஆபத்து.

தூக்கமின்மைக்கு உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் சொன்ன மூன்று அடுக்குகளில் (ஏற்கெனவே இருப்பது, மூட்டிவிடுவது, நீட்டிப்பது) இவரை வைத்துப் பார்த்தேன். ஏற்கெனவே இருந்தது: சின்ன வயதிலிருந்தே இலேசான தூக்கம், எல்லாவற்றையும் தானே இழுத்துப்போட்டுச் செய்யும் குணம். மூட்டிவிட்டது: பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டது. ராத்திரி இரண்டு மணிவாக்கில் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அவருடைய கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருந்தார். மாமியார் போன பிறகும் அதே இரண்டு மணி. "அத்தை கூப்பிட்டாங்களோன்னு திடுக்குனு முழிப்பேன்."

கவுன்சலர் பிடித்துக்கொண்டது இந்த இரண்டாம் அடுக்கை. பிடித்ததில் தவறில்லை. ஆனால் பதினாலு மாதம் கழித்துத் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது அதுவல்ல. துக்கம் ஓரளவு ஆறியிருந்தது. மூன்றாம் அடுக்கில், நீட்டித்தவை வேறு. விட்ட தூக்கத்தைப் பிடிக்கலாமென்று இரவு ஒன்பதுக்கே படுத்தார், ஆறு வரை எழவில்லை. ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் படுக்கை. சாயங்காலம் ஐந்தரைக்குக் காபி. குடித்த காபியின் வேகம் பாதியாகவே ஐந்து மணி நேரம்போல ஆகும். பிறகு கடிகாரம். நாட்குறிப்பில் விழித்த நேரங்களை 2.07, 3.41 என்று எழுதியிருந்தார். சுமாராக என்றுதான் சொல்லியிருந்தேன். நிமிடம் வரை தெரிகிறதென்றால் ஒவ்வொரு தடவையும் போனை எடுத்துப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

இன்னொன்று கட்டில். அவர் வீட்டில் ஹால், ஓர் அறை, அடுப்படி. முன்பெல்லாம் எல்லோருக்கும் பாய்தான். 2019இல் அரியர்ஸ் பணத்தில் வாங்கிய கட்டில் அறையை அடைத்துக்கொண்டது. மாமியார் போன பிறகு அவர் படுப்பது அதில்தான். விடைத்தாள் திருத்துவதும், துணி மடிப்பதும், போன் பார்ப்பதும், கணவரோடு பணக்கணக்கு பேசிச் சண்டை போடுவதும் அதே கட்டிலில். உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் இதைத்தான் சொன்னார்: படுக்கை எதற்குப் பழகுகிறதோ அதையே உடம்பிடம் கேட்கும். பாயில் இந்தச் சிக்கல் கிடையாது. விடிந்தால் சுருட்டி மூலையில் வைத்துவிடுவோம், ராத்திரி விரித்தால் தூங்க மட்டும்தான். இதை அவரிடம் சொன்னபோது முதல் தடவையாகச் சிரித்தார்.

வேர்த்து விழிப்பதும் இருந்தது. "உடம்பு தீயாக் கொதிக்குது." மாதவிலக்கு நிற்கும் பருவம். அதற்கு மகளிர் மருத்துவரிடம் அனுப்பினேன், அது தனிக் கதை.

கணக்கு

முதல் வார நாட்குறிப்புப்படி படுக்கையில் 9 மணி நேரம், தூங்கியதாக அவர் நினைத்தது சராசரி 5 மணி 10 நிமிடம். தூக்கத் திறன், அதாவது படுக்கையில் இருந்த நேரத்தில் தூங்கிய பங்கு, 57 விழுக்காடு. ஸ்பீல்மனின் வழி கேட்பதற்குக் கொடூரமாக இருக்கும்: தூங்கும் அளவுக்கு மட்டும் படுக்கை. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக்கூடாது. இரவு 11.30 முதல் காலை 5.00 வரை என்று தீர்மானித்தோம். ஐந்துக்கு எழுந்தால் சமையலுக்கும் சரியாக இருக்கும்.

"தூக்கமில்லைன்னு வந்தா இன்னும் குறைக்கச் சொல்றீங்களே மேடம்."

பசி மாதிரிதான், இடையில் நொறுக்குத்தீனி கொடுத்துக்கொண்டே இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் பசிக்காது என்றேன். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் தூக்கத்துக்கான அழுத்தம் ஏறுகிறது. ஒன்பதுக்கே படுப்பவர் அந்த அழுத்தம் போதுமான அளவு ஏறும் முன்பே படுத்துவிடுகிறார். உவமையைவிட அவரைச் சம்மதிக்கவைத்தது வகுத்தல்தான். "பகுதியைக் குறைச்சா விழுக்காடு ஏறும். சரி." முதல் இரண்டு வாரம் ஸ்கூட்டி ஓட்டக்கூடாது என்று கணவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். பள்ளிக்கு அவரே கொண்டுபோய் விட்டார். (கணவர் ஒத்துழைக்கவில்லை என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். டீச்சர் திருத்திய இரண்டாவது இடம் இது.)

இருபது நிமிடம்போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்பது அடுத்த விதி. கையேடுகள் "வேறு அறைக்கு" என்று எழுதிவிட்டுப் போய்விடும். ஹாலில் மகன் படுத்திருக்கிறான். அறையில் கணவர். மிச்சம் அடுப்படி. ஆனால் அடுப்படிக்குப் போனால் கை சும்மா இருக்காது, புளி ஊறவைக்கும், பாத்திரம் கழுவும். பின்வாசல் படியில் சின்ன விளக்கு போட்டு, பழைய நோட்டில் புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பார்ப்பதென்று முடிவானது. நான்காம் நாளே பக்கத்து வீட்டு அம்மா, "டீச்சர் நடுராத்திரி வாசல்ல உக்காந்து என்னமோ எழுதுதே" என்று கணவரிடம் கேட்டுவிட்டார். மந்திரம் ஏதோ என்று நினைத்திருப்பார் போல. போன் சாமி அலமாரிக்குப் போனது. கடிகாரம் சுவர்ப் பக்கம் திரும்பியது.

முதல் வாரம் தூக்கம் 4 மணி 15 நிமிடமாகக் குறைந்தது, திறன் 77. வெள்ளிக்கிழமை போன் செய்து அழுதார், ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் முன்னால் கண் சொக்கியிருக்கிறது. இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். துணைக்கு ஆள் வேண்டியது இதற்குத்தான். தானாகப் படித்துச் செய்பவர்கள் தப்பு செய்கிறோம் என்று நினைத்துக்கொள்ளும் வாரம் இது. இரண்டாம் வாரம் 4 மணி 50 நிமிடம், 88. திறன் 85ஐத் தாண்டியதும் கால் மணி நேரம் கூட்டிக்கொடுப்போம். படுக்கை நேரம் 11.15 ஆனது, பிறகு 11.00. அந்த ஆறு மணி நேரத்தில் 5 மணி 25 நிமிடம் தூங்கினார், 90. நான் 87 என்று போட்டுவைத்திருந்தேன். "முந்நூத்து இருபத்தஞ்சை முந்நூத்து அறுபதால வகுங்க மேடம்" என்றார்.

மாத்திரையை மனநல மருத்துவர் ஐந்தாம் வாரத்திலிருந்து கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்தார். ஒவ்வொரு படி இறங்கும்போதும் இரண்டு மூன்று இரவு மோசமாகும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தோம். அப்படியே ஆனது. சொல்லிவைத்ததால் பயம் இல்லை. கடைசிக் கால் மாத்திரையை நிறுத்தத்தான் அவருக்கு எல்லாவற்றையும்விட அதிகத் தயக்கம் இருந்தது. ஃபைலுக்குள்ளேயே ஒரு மாதம் வைத்திருந்தார்.

மொத்தம் ஏழு அமர்வுகள், நான்கு நேரில், மூன்று வீடியோவில். முடிவில் படுக்கை 10.30 முதல் 5.00 வரை, தூக்கம் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் குறைவு. அளவுகோலில் 9. எட்டு மணி நேரம் வரவில்லையே என்று கேட்டார். அவருக்கு எப்போதுமே ஆறுதான் போதுமாக இருந்திருக்கிறது, கல்யாணத்துக்கு முன்பும். எட்டு என்ற எண்ணை எல்லோர் தலையிலும் கட்டுவதால் எத்தனை பேர் படுக்கையில் கிடந்து கவலைப்படுகிறார்கள் என்று எனக்குத் தனிக் கோபம் உண்டு. இரண்டு மணி விழிப்பு இன்னும் வாரத்தில் ஓரிரு நாள் வருகிறது. "அத்தையை நினைச்சுக்கிட்டு திரும்பிப் படுத்துருவேன்" என்றார்.

மூன்று மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு வாரம் தூக்கம் கெட்டிருக்கிறது. என்னைக் கேட்காமலே படுக்கையை ஐந்தரை மணி நேரமாகச் சுருக்கி, ஒன்பது நாளில் பழையபடி கொண்டுவந்துவிட்டார். நாட்குறிப்புப் படமும் கூடவே வந்தது, சிவப்பு மையில் சராசரியோடு.

அதன் கீழே இன்னொரு வரி. கணவரும் அவரும் ஹாலில் பாய்க்கு மாறிவிட்டார்களாம். அறையையும் கட்டிலையும் பிளஸ் டூ மகனுக்குக் கொடுத்தாயிற்று. அவன் அதன் மேல் உட்கார்ந்துதான் படிக்கிறானாம்.